கோணமலைக் கடலும் சிந்திக்கும் இயந்திரமும்

திருக்கோணமலையில் இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கீழே நோக்குவோர்க்கு, செங்குத்தாக இறங்கும் பாறையின் அடியிலே கருநீலக் கடல் தெரியும். 1620களில் போர்த்துக்கேயர் இடித்தழித்த திருக்கோணேச்சரத்தின் தூண்களும் செதுக்கிய கற்களும் அக்கடலின் அடியிற் கிடக்கின்றன. இடிபட்ட கற்களுள் ஒரு பகுதி, இன்று பிரெட்றிக் கோட்டை எனப்படும் கோட்டையைக் கட்டுவதற்குப் பயன்பட்டது. மறுபகுதி கடலுக்குள் வீழ்ந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக மீனவர் வாய்மொழியாக மட்டும் வழங்கிவந்த அச்செய்தியைக் கண்ணாற் காணும் பொருட்டு, 1956இல் ஆங்கிலேயர் இருவர் காற்றுருளைகளை முதுகிற் கட்டிக்கொண்டு அந்நீரில் மூழ்கினர். ஒருவர் மைக் வில்சன். மற்றவர் ஆர்தர் சி. கிளார்க்.

கடலடியிற் கண்ட தூண்களைப் பற்றிக் கிளார்க் எழுதிய 'தப்ரபேனின் பவளப் பாறைகள்' என்ற ஆங்கில நூல் 1957இல் வெளிவந்தது. அதன்பின் பதினோராண்டு கழித்து, 1968இல், அதே கிளார்க் உலகத்துக்கு மற்றொரு பொருளைக் கொடுத்தார். '2001: ஒரு விண்வெளிப் பயணம்' என்ற திரைப்படத்திலும் நாவலிலும் வரும் ஹால் 9000 என்னும் கணினியே அது. மனிதரோடு இனிய குரலிற் பேசி, சதுரங்கம் ஆடி, இறுதியில் அவர்களையே கொன்றுவிடும் அந்த இயந்திரம், செயற்கை நுண்ணறிவு குறித்து மனிதகுலம் கொண்டிருக்கும் அச்சத்தின் அடையாளமாகவே இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது.

கிளார்க்கின் புகழ் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இயந்திரம் மனிதனை ஆளுமா, மனிதன் இயந்திரத்தை ஆள்வானா என்ற கேள்வி இன்று ஆசிரியர் அறைகளிலும் மாணவர் விடுதிகளிலும் கேட்கப்படுகின்றது. அக்கேள்வி சரியாகக் கேட்கப்படுகின்றதா என்பதை, நமது துறைமுகத்தின் வரலாற்றை வைத்து ஆராய்வதே நோக்கமாகும்.

கிளார்க் கோணமலைக் கடலில் மூழ்கிய அதே 1956ஆம் ஆண்டில் வேறு இரு நிகழ்ச்சிகளும் நடந்தன. அவ்வாண்டுக் கோடையில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் விஞ்ஞானிகள் சிலர் கூடினர். ஜோன் மக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, குளோட் ஷனன், நதானியேல் ரொச்செஸ்டர் ஆகிய நால்வர் அக்கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தவர்கள். 'செயற்கை நுண்ணறிவு' என்னும் சொற்றொடர் அவர்களது விண்ணப்பத்தின் வாயிலாகவே உலக வழக்கில் வந்தது. கற்றல் உள்ளிட்ட அறிவின் எந்தக் கூற்றையும், இயந்திரம் பின்பற்றக்கூடிய அளவுக்குத் துல்லியமாக விளக்கிவிட முடியும் என்பது அவர்களின் துணிபு. அதற்கான பணம், எண்ணெய் வாணிகத்தால் திரண்ட செல்வத்தின் மேல் எழுந்த ராக்ஃபெல்லர் நிறுவனத்திலிருந்து வந்தது.

அதே ஆண்டில், கொழும்புப் பாராளுமன்றம் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சிங்களம் ஒன்றே நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஓகஸ்ட் மாதத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மக்கள் கால்நடையாகப் புறப்பட்டுத் திருக்கோணமலையிற் கூடினர். தமிழரசுக் கட்சியின் மாநாடு இங்கு நடந்தது. ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும், இரு மொழி என்றால் நாடு ஒன்றாகும் என்ற கருத்துப்பட, கொல்வின் ஆர். டி சில்வா பாராளுமன்றத்தில் எச்சரித்ததும் அந்த நாட்களில்தான்.

இயந்திரத்துக்கு அறிவூட்ட ஒரு நாட்டில் திட்டம் தீட்டப்பட்டபோது, வாழும் மனிதர் இலட்சக்கணக்கானோரின் மொழி இன்னொரு நாட்டின் அலுவலகக் கதவுகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. இவ்விரண்டுக்கும் அன்று எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. இன்று இருக்கின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

சிந்திக்கும் இயந்திரம் அமைதியான ஆய்வுகூடத்திற் பிறந்ததென்று எண்ணுவோர் உளர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. அதன் தொட்டில் போர்க்களம். திருக்கோணமலை மக்களுக்கு அப்போர் ஏட்டுச் செய்தியன்று.

1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின் மீதும் சீனன்குடாவின் மீதும் குண்டு பொழிந்தன. பிரித்தானியக் கடற்படைக்காகச் சீனன்குடாவில் எழுப்பப்பட்டிருந்த எண்ணெய்த் தாங்கிகளுள் ஒன்றின் மீது விமானமொன்று மோதி வீழ்ந்து தீப்பற்றிற்று. 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கடிக்கப்பட்டதும் அன்றேயாகும். அதன்பின் கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி கென்யாவின் கிலிந்தினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. யப்பானியரின் இரகசியச் செய்திகளைக் கேட்டுப் பிரித்தறியும் பிரிவும் கொழும்பிலிருந்து அங்கேயே சென்று, 1943இல் மீண்டும் கொழும்புக்கு வந்தது.

வானில் விரைந்து செல்லும் விமானத்தை வீழ்த்த வேண்டுமாயின், அது இப்பொழுது இருக்கும் இடத்தை நோக்கிச் சுடுவதிற் பயனில்லை. குண்டு சென்று சேரும் நேரத்தில் அது எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சுட வேண்டும். விமானியோ உயிருள்ள மனிதன். அவன் வளைந்தும் திரும்பியும் செல்வான். அவனது அடுத்த அசைவை, கடந்த அசைவுகளிலிருந்து இயந்திரம் ஊகிக்க இயலுமா? கோணமலையிற் குண்டு விழுந்த அந்தக் காலத்தில் அமெரிக்காவில் நோர்பேட் வீனர் என்ற கணித அறிஞர் ஆராய்ந்துகொண்டிருந்த பிரச்சினை இதுவே. அவ்வாராய்ச்சியின் வழியாக அவர் அடைந்த கருத்துகளே 1948இல் வெளியான 'சைபர்நெட்டிக்ஸ்' நூலுக்கு அடிப்படையாயின. முன்னர் நிகழ்ந்ததைத் திரட்டி, அடுத்து நிகழப்போவதைக் கணிப்பது என்ற அந்தத் தொழிலையே இன்றைய மொழி இயந்திரங்களும் செய்கின்றன. அன்று விமானத்தின் அடுத்த இடம் கணிக்கப்பட்டது. இன்று வாக்கியத்தின் அடுத்த சொல் கணிக்கப்படுகின்றது.

வீனரின் பெருமை இத்துடன் முடியவில்லை. போர் முடிந்தபின், தமது அறிவு கொலைக் கருவிகளுக்குப் பயன்படுவதை அவர் வெளிப்படையாக மறுத்தார். 1949இல், அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் வோல்டர் ரூதருக்குத் தாமாகவே கடிதம் எழுதினார். தானியங்கி இயந்திரங்கள் தொழிற்சாலைகளைக் கைப்பற்றும் நாள் தொலைவில் இல்லை, தொழிலாளர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். விஞ்ஞானி தன் கண்டுபிடிப்பின் விளைவு குறித்து, முதலாளியிடம் செல்லாமல் தொழிற்சங்கத்திடம் சென்றார் என்பது நாம் நினைவிற் கொள்ள வேண்டிய செய்தியாகும்.

கிளார்க்கும் போரின் பிள்ளையே. பிரித்தானிய விமானப் படையில் ராடார் நுட்பவியலாளராகப் பணியாற்றியவர் அவர். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியா செல்லும் வழியிற் கொழும்பைக் கண்டு, 1956இல் இலங்கைக்கே வந்து சேர்ந்து, 2008 மார்ச்சிற் கொழும்பிலேயே மறைந்தார். நீரின் அடியில் எடையற்று மிதப்பது விண்வெளியில் மிதப்பதற்கு ஒப்பானது என்பதால் அவர் கடலை விரும்பினார். விண்வெளியைக் கனவு கண்டவர் கோணமலையின் இடிந்த கோயிலில் அந்த அனுபவத்தைத் தேடினார். வில்சனோ பின்னாளில் துறவியாகிவிட்டார்.

'2001' படத்துக்கு ஆலோசனை கூறியவர்களுள் டார்ட்மத் கூட்டத்தின் மின்ஸ்கியும் ஒருவர். போர்க்காலத்தில் அலன் துரிங்குடன் இரகசியக் குறிகளை உடைக்கும் பணியில் ஈடுபட்டிருந்த ஐ. ஜே. குட் மற்றொருவர். 1961இற் பெல் ஆய்வுகூடத்திற் கணினியொன்று 'டெய்சி பெல்' என்ற பழைய பாடலைப் பாடிற்று. அதனைக் கிளார்க் நேரிற் கேட்டிருந்தார். எனவே, தன் நினைவுகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்படும்போது ஹால் அதே பாட்டைக் குழறிக் குழறிப் பாடி அடங்குகின்றது. இவ்வாறு போர்க்களத்தின் கணிதமும் ஆய்வுகூடத்தின் கனவும் ஒரு கதாபாத்திரத்தில் வந்து கலந்தன.

ஹால் ஏன் கொன்றது? படத்தைப் பார்த்தோரிற் பலர் இதற்குக் கூறும் விடை, இயந்திரம் மனிதனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது என்பதே. நாவல் அவ்வாறு கூறவில்லை. சந்திரனிற் கண்டெடுக்கப்பட்ட ஒரு பொருளைப் பற்றிய உண்மையை, நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரால், அமெரிக்க அரசு மறைத்துவிடுகின்றது. கப்பலைச் செலுத்தும் இருவருக்கும் அது தெரியாது. ஹாலுக்குத் தெரியும். உண்மையை உள்ளபடி உரைப்பதற்காகவே ஆக்கப்பட்ட இயந்திரத்துக்கு, தன்னோடு வாழும் மனிதரிடம் பொய் கூறுமாறு ஆணையிடப்படுகின்றது. இரண்டு கட்டளைகளுக்கும் இடையிற் சிக்கிய அதன் அறிவு பிறழ்கின்றது. உண்மை மறைக்கப்பட வேண்டியவர்கள் இல்லாமற் போய்விட்டால் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை என்ற முடிவுக்கு அது வந்து சேர்கின்றது.

ஆகவே அது இயந்திரத்தின் கலகமன்று. ஆளும் நிறுவனமொன்றின் இரகசியம், அதனைச் சுமக்கும் கருவியினூடாகச் செய்த கொலை. 1982இல் வெளிவந்த இரண்டாவது நாவலில் இவ்வுண்மையை ஆராய்ந்து வெளிப்படுத்துபவர் ஹாலைப் படைத்த விஞ்ஞானி சந்திரா. அவரது முழுப்பெயரைத் தமிழ் வாசகர் அறிந்தால் வியப்படைவர்: சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. உலகப் புகழ்பெற்ற சிந்திக்கும் இயந்திரத்துக்குத் தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவரையே ஆசிரியர் தந்தையாக்கினார். 1984இல் அந்நாவல் திரைப்படமானபோது அவ்வேடத்தை ஏற்றவர் ஓர் அமெரிக்க நடிகர். சிவசுப்பிரமணியனும் பிள்ளையும் திரையில் மறைந்து போயினர். ஆயினும் அப்படத்தில் ஒரு நல்ல காட்சியுண்டு. ஹாலை அழிவுக்கு விட்டுச் செல்ல வேண்டிய வேளையில், சந்திரா அதனிடம் மறைக்காமல் உண்மையைச் சொல்லுகின்றார். அது நன்றி கூறிவிட்டு, இட்ட பணியைச் செய்து முடிக்கின்றது.

இயந்திரம் நல்லதா தீயதா என்று கேட்பதை விட்டு, அதற்கு ஆணையிடுபவன் யார், எதனை மறைக்கின்றான், எவருடைய நன்மைக்காக என்று கேட்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் லுட்டைட் தொழிலாளர் நெசவு இயந்திரங்களை உடைத்தனர். இயந்திரத்தையும் அதனைப் பயன்படுத்தும் மூலதனத்தையும் பிரித்தறியத் தொழிலாளி வர்க்கத்துக்குக் காலமும் அனுபவமும் வேண்டியிருந்தன என்று 1867இல் மார்க்ஸ் எழுதினார். அந்தப் பாடத்தை நாம் மீண்டும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கின்றது.

கிளார்க்குக்கும் இதில் ஓரளவு தெளிவு இருந்தது. எல்லோரும் வேலையிலிருந்து விடுபட்டு விளையாடும் நிலையே வருங்காலத்தின் குறிக்கோளாக வேண்டும் என்றும், அதற்கு இன்றைய அரசியல் பொருளாதார அமைப்பு ஒழிய வேண்டும் என்றும் 1969இல் ஒரு நேர்காணலிற் கூறினார். முதற் பகுதியை எடுத்துரைப்போர் இரண்டாம் பகுதியை விட்டுவிடுவது வழக்கம். அமைப்பு ஒழியாமல் வேலை மட்டும் ஒழிந்தால் என்னவாகும் என்பதை இத்துறைமுக மக்களிடம் கேட்கலாம். 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டின் இறைமைக்கு அது வெற்றி என்பதில் ஐயமில்லை. முற்போக்காளர் யாவரும் அதனை வரவேற்றனர். ஆனால் கடற்படையின் பட்டறைகளில் உழைத்த பலர் வேலையின்றி வீதியில் நின்றனர். வெள்ளையர் போன பின்பும் துறைமுகம் இருந்தது. ஆழமும் அழகும் குறையவில்லை. உழைத்தவனுக்கு மட்டும் அதிற் பங்கிருக்கவில்லை.

சீனன்குடாவில் இன்றும் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றுள் 61 தாங்கிகள், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 வீதமும் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளை 49 வீதமும் கொண்ட கூட்டு நிறுவனத்திடம் விடப்பட்டன. அதே ஆண்டில் எரிபொருளுக்காக நாம் இரவுபகலாக வரிசையில் நின்றோம். பெரிய கருவி ஊரில் இருப்பது வேறு, அது ஊருக்காக இருப்பது வேறு.

செயற்கை நுண்ணறிவும் அவ்வாறே. 2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி முதலான மொழி இயந்திரங்கள் வானிலிருந்து இறங்கியவை அல்ல. மனிதர் தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்தவற்றைத் திரட்டி, எச்சொல்லின் பின் எச்சொல் வரும் என்று பயின்றவை. எழுதியோரின் கடந்தகால உழைப்பே அவ்வியந்திரத்தின் மூலப்பொருள். அது கொடிய சொற்களைப் பேசாதிருக்க வேண்டுமென்பதற்காக, கொலையும் வன்கொடுமையும் நிறைந்த பகுதிகளை வாசித்து வாசித்து வகைப்படுத்திய தொழிலாளர், மணிக்கு இரண்டு டொலருக்கும் குறைவான கூலியைப் பெற்ற செய்தி 2023 ஜனவரியில் வெளிவந்தது. அவர்கள் கென்யாவின் மக்கள். 1942இல் கோணமலையிலிருந்து ஓடிய கடற்படைக்கு அடைக்கலம் கொடுத்த நாடும் அதுவே. பேரரசுக்குக் கப்பலைத் தாங்கிக் கொடுத்த கரை, இன்று புதிய முதலாளிகளின் இயந்திரத்தைத் துப்புரவு செய்து கொடுக்கின்றது.

மொழி பற்றிப் பின்னர்க் காண்போம் என்றேன். சில மாதங்களின் முன் எனது வகுப்பு மாணவன் ஒருவன் திருக்கோணேச்சரம் பற்றிக் கட்டுரை எழுதிவந்தான். பிழையற்ற தமிழ், ஒழுங்கான பந்திகள். ஆனால் கோயிலை இடித்தவர் ஒல்லாந்தர் என்று எழுதியிருந்தது.

"இதை எங்கே படித்தாய்?" என்றேன்.

"போனிலதான் கேட்டனான், சேர்."

ஒரு சனிக்கிழமை வகுப்பு முழுவதையும் பிரெட்றிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். வாயிலிற் பதிக்கப்பட்டிருக்கும் இணைக்கயற் சின்னத்தையும் தமிழ்க் கல்வெட்டையும் காட்டினேன். கோயிற் கல் எவ்வாறு கோட்டைக் கல்லாயிற்று, கோட்டையைக் கட்டியவர் யார், பின்னர் வந்தவர் யார் என்பதையெல்லாம் அங்கேயே நின்று பேசினோம். அந்த மாணவன் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது அதுக்குத் தெரியாதா, சேர்?" என்று கேட்டான்.

அவனுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. ஏனெனில் அக்கேள்வி இயந்திரத்தை நோக்கி எழுந்ததாயினும் நம்மை நோக்கியே வந்து நிற்கின்றது. அவ்வியந்திரங்கள் கற்ற எழுத்துகளில் ஆங்கிலத்தின் பங்கே மிகப் பெரிது. தமிழின் பங்கு சிறிது. அச்சிறிதிலும் ஈழத்துத் தமிழின் பங்கு மேலும் சிறிது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. எரிந்த ஏட்டை எந்த இயந்திரமும் கற்க இயலாது. 1956இல் நம் மொழியை ஒரு சட்டம் அலுவலகத்துக்கு வெளியே நிறுத்திற்று. இன்று எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை, எவரும் வாக்களிக்கவில்லை. வாணிகக் கணக்கே அந்த வேலையைச் செய்துவிடுகின்றது. முந்தியதை எதிர்த்துக் கோணமலைக்கு நடந்து வர முடிந்தது. பிந்தியதை எதிர்த்து எங்கே நடப்பது?

முற்போக்காளராகிய நமக்கு இங்கு ஒரு தன்விமர்சனமும் தேவை. 1956இல் இருமொழிக்காகக் குரல் கொடுத்த இடதுசாரித் தலைமைகளே 1960களில் அந்நிலையைக் கைவிட்டன. 1966 ஜனவரியிற் தமிழ்மொழி விதிகளை எதிர்த்து வீதியில் இறங்கியோரின் பக்கத்திலும் அவை நின்றன. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் எழுதப்படுவதற்கு 1987 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மொழி வயிற்றுப் பிரச்சினையன்று, வர்க்கப் பிரச்சினை தீர்ந்தால் தானே தீரும் என்று கருதியதன் விலை அது. இயந்திரத்தின் விடயத்திலும் அதே தவறைச் செய்யலாகாது. மொழியறியாத இயந்திரம் நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் நீதிமன்றிலும் அமர்ந்தால், முதலில் வாயடைத்து நிற்பவர் மூதூரின் விவசாயியும் நிலாவெளியின் மீனவரும். ஆங்கிலம் கற்றவர் அல்லர்.

ஆயின் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2005 முதல் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் நம்மவர் பலர், பெரும்பாலும் ஊதியமின்றி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் படியெடுத்து எவரும் படிக்கத்தக்கதாக வைத்து வருகின்றனர். கடலடியிற் கிடந்த கல்லை ஒவ்வொன்றாகக் கண்டு குறித்துக்கொள்வதற்கு நிகரான பணி அது. ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊரின் முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். மாணவர் அதனைத் தொகுத்தல் வேண்டும். அதே வேளை, அவ்வாறு நாம் எழுதுவதை எடுத்துச் செல்லும் நிறுவனங்கள் எவற்றிலிருந்து எதனை எடுத்தன, எவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தன என்பதை வெளியிடுமாறு தொழிற்சங்கங்களும் கல்விமான்களும் கோர வேண்டும். ஹாலின் கப்பலிற் கொலை செய்தது இரகசியமே என்பதை நாம் கண்டோம். இரகசியத்தை விட்டுவைத்து இயந்திரத்தை மட்டும் திருத்த முடியாது.

மறுவாரம் அந்த மாணவன் கட்டுரையைத் திருத்தி எழுதிவந்தான். வாக்கியங்கள் முன்னையவை போல் அத்தனை ஒழுங்காக இல்லை. இரண்டோர் எழுத்துப் பிழைகளும் இருந்தன. ஆனால் போர்த்துக்கேயரின் பெயர் சரியான இடத்தில் இருந்தது. இறுதியில் தன் பாட்டன் சொன்னதாக, தோணியிற் செல்லும்போது பாறையடியிற் தூண் தெரியும் இடம் எதுவென்று அவன் குறித்திருந்தான். அவ்விடத்தைப் பற்றி நானும் எந்த நூலிலும் படித்ததில்லை.